கணுக்கால் ஆர்த்ராஸ்கோப்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணுக்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் பிசியோதெரபி அறையில்தான் என் வேலை. "சின்ன ஓட்டைதானே போட்டாங்க, எதுக்கு இத்தனை நாள் கட்டுப்பாடு?" என்று கேட்காத நோயாளி குறைவு. வெளியே தெரிகிற தழும்பு அரை சென்டிமீட்டர்தான். ஆனால் எத்தனை நாளில் குணமாகும் என்பதை முடிவு செய்வது மூட்டுக்குள்ளே நடந்த வேலை. இந்த ஒரு விஷயம் முன்பே புரிந்திருந்தால் பாதி மனக்கஷ்டம் குறையும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருப்பவை பொதுவான பதில்கள். உங்கள் காலைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும்.

கணுக்கால் ஆர்த்ராஸ்கோப்பியில் அப்படி என்ன செய்கிறார்கள்?

மூட்டை நீளமாகக் கீறித் திறக்காமல், தோலில் இரண்டு சிறு துளைகள் போடுவார்கள். ஒன்றின் வழியாகக் கேமரா, இன்னொன்றின் வழியாகக் கருவி. கணுக்காலுக்குப் பெரும்பாலும் 2.7 அல்லது 4 மி.மீ. தடிமனுள்ள கேமராக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதன் முனை 30 டிகிரி சாய்வாகப் பார்க்கும். அதனால் குழாயை விரலால் உருட்டினாலே மூட்டின் மூலைமுடுக்கெல்லாம் திரையில் தெரியும்.

தொடையில் ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் டூர்னிக்கே பட்டையைக் கட்டுவார்கள். பாதத்தைச் சுற்றி ஒரு வார் மாட்டி மெல்ல இழுத்து மூட்டு இடைவெளியை விரிப்பது ஒரு முறை. இழுக்காமல், பாதத்தை மேல்நோக்கி மடக்கி வைத்து மூட்டின் முன்பகுதியில் வேலை செய்வது இன்னொரு முறை. ஊசி வழியாக உப்புநீரை ஏற்றி மூட்டை உப்ப வைத்த பிறகுதான் துளை போடுவார்கள். கத்தி தோலோடு நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதை மழுங்கிய முனையுள்ள கிளாம்ப்பால் விலக்கித்தான் உள்ளே போவார்கள், ஏனென்றால் அங்கே நரம்பு ஓடுகிறது. வேலை முடியும்வரை உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் முடிவதும் உண்டு, ஒன்றரை மணி நேரம் ஆவதும் உண்டு. கடைசியில் துளைக்கு ஒரு தையல், அப்புறம் பெரிய பஞ்சுக்கட்டு.

முழங்காலுக்கு இதைச் செய்வதாக நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். கணுக்காலுக்கு ஏன் அவ்வளவாகச் செய்வதில்லை?

கணுக்கால் இடுக்கமான மூட்டு. மேலே டிபியா, வெளிப்பக்கம் ஃபிபுலா என்று இரண்டு எலும்புகள் சேர்ந்து ஒரு காடி போல அமைந்திருக்க, அதற்குள் தாலஸ் என்ற எலும்பு, தச்சர் இழைத்துப் பொருத்திய கட்டை போல உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கேமரா போக இடமே கொஞ்சம்தான்.

1931இல் நியூயார்க் மருத்துவர் மைக்கேல் பர்மன், இறந்தவர்களின் மூட்டுகளில் அந்தக் காலத்துப் பார்வைக் குழாயை விட்டுப் பார்த்து, கணுக்கால் இதற்கு ஏற்றதல்ல என்றே எழுதினார். அவர் கையில் இருந்த குழாய்க்கு அது சரியான முடிவுதான். ஜப்பானியர்கள் விடவில்லை. 1939இல் கென்ஜி தகாகி கணுக்காலுக்குள் பார்க்கும் முறையை எழுதினார். மசாகி வதனாபே மெல்லிய குழாய்களை உருவாக்கி, 1972இல் 28 கணுக்கால்களில் செய்ததைப் பதிவு செய்தார். மூட்டின் பின்பக்கம் அதற்குப் பிறகும் எட்டாத இடமாகவே இருந்தது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அக்கிலிஸ் தசைநாணின் இருபுறமும் துளை போட்டு உள்ளே போகும் வழியை ஆம்ஸ்டர்டாமின் நீக் வான் டைக் 2000இல் வெளியிட்டார். அந்த வழியில் பெருவிரலை மடக்கும் தசைநாண்தான் எல்லைக்கோடு. அதற்கு உட்பக்கம் பாதத்துக்குப் போகிற முக்கிய நரம்பும் ரத்தக்குழாயும் இருப்பதால், கருவி அதைத் தாண்டக் கூடாது.

யாருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படும்?

மூட்டின் முன்பக்கத்தில் எலும்பு முளைத்து, பாதத்தை மேலே மடக்கும்போதெல்லாம் இடிக்கிறவர்களுக்கு இது நன்றாகப் பலன் தரும். பல ஆண்டுகள் கால்பந்து ஆடியவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். மாடிப்படி இறங்கும்போது, குந்தி உட்காரும்போது, ஏற்றத்தில் நடக்கும்போது முன்பக்கம் சுருக்கென்று வலிக்கும். நம் ஊரில் இந்தியக் கழிப்பறையில் உட்கார முடியாமல் போன பிறகுதான் பலர் மருத்துவரிடமே வருகிறார்கள்.

எலும்பு முளைக்காமலேயே, பழைய சுளுக்குக்குப் பிறகு மூட்டின் வெளிப்பக்க முன்மூலையில் தழும்புச் சதை தடித்து, நடுவில் மாட்டிக்கொண்டு வலிப்பது இன்னொரு வகை. மூட்டுக்குள் எலும்புத் துண்டோ குருத்தெலும்புத் துண்டோ கழன்று சுற்றிக்கொண்டிருந்தால் கால் திடீரென்று பூட்டிக்கொண்டது போல நிற்கும். அந்தத் துண்டை எடுப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. தாலஸின் மேற்பரப்பில் குருத்தெலும்பு அடிபட்டிருந்தால் அதற்கும் இதுதான் வழி. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பின்பக்க வலி தனி. தாலஸுக்குப் பின்னால் ஒட்டாமல் நிற்கும் ஒரு சிறு எலும்பு சிலருக்கு இருக்கும். அது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆனால் பாதத்தைத் திரும்பத் திரும்பக் கீழ்நோக்கி நீட்டுகிற பாலே நடனக்காரர்கள், வேகப்பந்து வீச்சாளர்கள் போன்றவர்களுக்கு அது நசுங்கி வலிக்கும்.

அப்புறம் ஒன்றை நம் நாட்டில் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். அடிபடாமலேயே ஒரு கணுக்கால் மட்டும் மாதக்கணக்கில் வீங்கியிருந்தால் அது மூட்டுக் காசநோயாகவும் இருக்கலாம். ஆர்த்ராஸ்கோப்பி வழியாக உள்சவ்வில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் தெளிவு கிடைக்கும். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் கழுவி விடவும் இதே வழி பயன்படுகிறது. அது அவசர சிகிச்சை, தள்ளிப்போடக் கூடாது.

கால் மடங்கி ஆறு மாதம் ஆகிறது, வலி போகவில்லை. உடனே ஆர்த்ராஸ்கோப்பி செய்துவிடலாமா?

முதலில் ஒரு கேள்வி: இந்த ஆறு மாதத்தில் முறையாக உடற்பயிற்சி செய்தீர்களா? பலர் கட்டுப் போட்டார்கள், மாத்திரை சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள். கெண்டைக்காலுக்கும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் தசைகளுக்கும் பலம் ஏற்றவே இல்லை. அதனால்தான் கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது. கணுக்கால் சுளுக்கில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகும். ஒற்றைக்காலில் கண்ணை மூடி நிற்பது, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்குவது என்று மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தவர்கள் அறுவை சிகிச்சைக்கான தேதியையே ரத்து செய்வதை நான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகும் வலி நின்றபாடில்லை என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று தேட வேண்டும். வெளிப்பக்க லிகமென்ட் (எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் நார்) தளர்ந்து போயிருந்தால் அதைத் தைத்து இறுக்குவதையும் இப்போது சிறு துளை வழியாகச் செய்கிறார்கள். திறந்து செய்யும் முறையும் காலம் காலமாக நல்ல பலன் தந்த முறைதான். துளை வழியாகச் செய்யவில்லை என்பதற்காக அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

சுளுக்கு வழித்துப் பார்க்கலாமா?

கால் மடங்கிய புதிதில் வேண்டவே வேண்டாம். எலும்பு முறிந்திருக்கிறதா என்றே தெரியாதபோது எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் சின்ன விரிசல் விலகிவிடும். அடிபட்டவுடனும், பிறகு மருத்துவமனையிலும் நான்கு அடிகூட வைக்க முடியவில்லை என்றாலோ, கணுவின் இரு பக்க எலும்புகளின் பின்விளிம்பைத் தொட்டால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த விதிகளின் சாரம் இது. இன்றும் உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். எம்ஆர்ஐ எடுக்கவேண்டுமா?

எக்ஸ்ரேயை நின்றபடி, காலில் எடை போட்டு எடுத்தார்களா என்று பாருங்கள். படுக்க வைத்து எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது தெரியாமல் போகலாம். முன்பக்க எலும்பு முளையும் உட்பக்கமாக இருந்தால் சாதாரணப் பக்கவாட்டுப் படத்தில் மறைந்துவிடும். கொஞ்சம் சாய்த்து எடுத்தால் தெரியும்.

எம்ஆர்ஐ குருத்தெலும்பு, லிகமென்ட், எலும்புக்குள்ளே உள்ள நீர்க்கோவை எல்லாவற்றையும் காட்டும். ஆனால் நீர்க்கோவையைச் சேர்த்துப் பார்க்கும்போது காயம் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். சரியான அளவும் அடியில் உள்ள நீர்க்கட்டியும் தெரிய சிடி ஸ்கேன் கேட்பார்கள். ஒன்றுக்கு மூன்று படம் எழுதுகிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம், மூன்றும் வெவ்வேறு விஷயத்தைக் காட்டுகின்றன.

ஒரு எச்சரிக்கை. வலியே இல்லாதவர்களின் எம்ஆர்ஐயிலும் ஏதாவது ஒரு கோளாறு எழுதி வரும். ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் இடமும் உங்கள் விரல் காட்டும் இடமும் ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் இருந்தால் மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சில மணி நேரத்துக்கு வலி முழுதும் மறைந்தால் வலியின் வேர் மூட்டுக்குள்ளே இருக்கிறது என்று பொருள். ஊசி போட்டும் வலி அப்படியே இருந்தால் ஆர்த்ராஸ்கோப்பிக்கு அவசரப்படாதீர்கள்.

தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளருமா?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பழைய குருத்தெலும்பு அப்படியே திரும்பி வராது.

தாலஸின் மேற்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. ஒரு தசைகூட அந்த எலும்பில் ஒட்டவில்லை. அதனால் ரத்தம் உள்ளே போகும் வழிகள் குறைவு, காயம் ஆறுவதும் மெதுவு. அங்கே குருத்தெலும்பு சிறிதாகப் பெயர்ந்திருந்தால் ஆர்த்ராஸ்கோப்பியில் தளர்ந்த பகுதியைச் சுரண்டி எடுத்து, விளிம்பைச் செங்குத்தாக நிறுத்தி, அடி எலும்பில் கூர்மையான கருவியால் சில மி.மீ. இடைவெளி விட்டுத் துளைகள் குத்துவார்கள். மைக்ரோஃபிராக்சர் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருப்பது இதைத்தான். டூர்னிக்கேயைத் தளர்த்தியதும் அந்தத் துளைகளிலிருந்து ரத்தமும் கொழுப்புத் துளிகளும் கசிவதைத் திரையில் பார்க்கலாம். எலும்பு மஜ்ஜையிலிருந்து வருகிற அந்த ரத்தம் உறைந்து, அதற்குள் இருக்கும் செல்கள் மெல்ல நார்க்குருத்தெலும்பாக மாறிப் பள்ளத்தை மூடும். இயற்கையான குருத்தெலும்பைவிடத் தரம் குறைவுதான். ஆனாலும் சிறிய காயமாக இருந்தால் வலி நன்றாகவே குறையும்.

அளவு இங்கே முக்கியம். விட்டம் 15 மி.மீ. வரை பரவாயில்லை என்று முன்பு சொன்னார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எல்லையை 10 மி.மீ. அருகே கொண்டுவந்துவிட்டன. அதற்கு மேல் பெரிதாகவோ, அடியில் நீர்க்கட்டியோடோ இருந்தால் முழங்காலிலிருந்து எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்பை எடுத்துப் பதிக்கும் முறை போன்றவற்றைப் பேசுவார்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் மூட்டைத் திறக்க வேண்டிவரும். உங்கள் காயம் எத்தனை மி.மீ. என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூட்டு முழுவதும் தேய்ந்துவிட்டது. உள்ளே 'சுத்தம் செய்தால்' போதுமா?

போதாது. முழுத் தேய்மானம் உள்ள கணுக்காலில் வெறுமனே கழுவிச் சுரண்டுவதால் கிடைக்கும் நிம்மதி நீடிப்பதில்லை. இதைச் சொல்லாமல் யாராவது அந்தச் சிகிச்சையை முன்வைத்தால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

கணுக்கால் தேய்மானம் பெரும்பாலும் பழைய எலும்பு முறிவோ, திரும்பத் திரும்ப வந்த சுளுக்கோ விட்டுச்சென்றது. முழங்காலைப் போல வயதால் மட்டும் வருவது குறைவு. எனவே நாற்பதுகளில் இருப்பவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு நெடுங்காலமாக நம்பிக்கையான சிகிச்சை, டிபியாவையும் தாலஸையும் ஒட்ட வைத்துவிடுவது. இதையும் ஆர்த்ராஸ்கோப்பி வழியாகச் செய்யலாம். மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, ரத்தம் கசியும் எலும்புப் பரப்பை வெளிக்கொண்டுவந்து, தோல் வழியாக இரண்டு மூன்று ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். சுற்றியுள்ள சதையைப் பிரிக்காததால் ரத்த ஓட்டம் கெடுவதில்லை, காயத் தொல்லை குறைவு. எலும்பு மிகவும் கோணலாகிப் போயிருந்தால் திறந்து செய்வதே நல்லது.

"கால் இரும்பு மாதிரி ஆயிடுமா?" என்று கேட்பார்கள். கணுக்கால் அசையாது. ஆனால் பாதத்தின் மற்ற மூட்டுகள் கொஞ்சம் ஈடுகொடுக்கும், சமதரையில் நடப்பதைப் பார்த்தால் பலருக்கு வித்தியாசமே தெரியாது. நாற்காலியிலும் சம்மணமிட்டும் உட்காரலாம். குந்தி உட்காருவது கஷ்டம், வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறிவிட வேண்டும். வயல் வரப்பில் நடப்பது, ஏணி ஏறுவது முன்போல இருக்காது. ஆண்டுகள் போகப் போகப் பக்கத்து மூட்டுகளில் சுமை கூடித் தேய்மானம் வரலாம். வேலை என்ன, வீட்டில் கழிப்பறை எப்படி, எந்த மாடியில் வீடு என்பதையெல்லாம் முடிவுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். செயற்கை மூட்டும் உண்டு. அதைத் துளை வழியாகப் பொருத்த முடியாது.

மயக்க மருந்து எப்படி?

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். சிலருக்கு முழு மயக்கம். முழங்காலுக்குப் பின்னால் நரம்பைச் சுற்றி மருந்து போட்டுவிட்டால் அன்று இரவு வலி தெரியாமல் தூங்கலாம். ஆனால் அந்த மரப்பு விலகும்வரை காலில் உணர்வு இருக்காது, துணையில்லாமல் கழிப்பறைக்கு எழுந்து போகாதீர்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது.

என்ன ஆபத்து?

எல்லா அறுவை சிகிச்சையிலும் உள்ள கிருமித்தொற்று, காலில் ரத்தம் உறைதல், மயக்க மருந்துத் தொல்லை ஆகியவை இதிலும் உண்டு. ஆனால் கணுக்காலுக்கே உரிய ஆபத்து நரம்புதான். வெளிப்பக்கத் துளை போடும் இடத்துக்கு மிக அருகில், தோலுக்கு அடியிலேயே, பாதத்தின் மேற்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு போகிறது. உங்கள் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி உட்பக்கம் திருப்பி, நான்காவது விரலை மடக்கிப் பாருங்கள். மெலிந்த காலாக இருந்தால் அந்த நரம்பு நூல் போலத் தோலுக்குக் கீழே எழும்பித் தெரியும். நல்ல நிபுணர் ஆபரேஷன் தியேட்டரில் மரத்துப்போகும் ஊசிக்கு முன்பே இப்படித் திருப்பிப் பார்த்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்வார். பாதத்தை நிமிர்த்தும்போது நரம்பு இடம் நகரும் என்பதையும் கணக்கில் வைப்பார்.

1996இல் வந்த ஓர் அமெரிக்கத் தொகுப்பில் 612 பேரில் 9 சதவீதத்தினருக்கு ஏதாவது சிக்கல் வந்திருந்தது. அதில் பாதிக்கு அருகே நரம்பு தொடர்பானவை. 2012இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த 1,305 சிகிச்சைகளின் தொகுப்பில் அது 3.5 சதவீதமாக இருந்தது. அடிக்கடி செய்கிற கைகளில் ஆபத்து குறையும் என்பதை இந்த எண்கள் எனக்குச் சொல்கின்றன. பாதத்தின் மேல் மரத்துப்போவதோ எரிச்சலோ பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் குறைந்துவிடும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

கணுக்காலின் முன்புறத் தோல் மெல்லியது. ஆகவே துளை வழியாக மூட்டுநீர் கசிந்துகொண்டே இருக்கும் தொல்லையும் அபூர்வமாக வரும். வெறும் பிளாஸ்திரி போதாதா, எதற்குத் தையல், எதற்குச் சில நாள் அசையாமல் வைக்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

எப்போது நடக்கலாம்?

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இங்கேதான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மூன்றாம் நாளே நடந்தார் என்று ஒப்பிடாதீர்கள். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எலும்பு முளையையோ தழும்புச் சதையையோ மட்டும் எடுத்திருந்தால் முதல் சில நாட்களிலேயே ஊன்றுகோலோடு எடை போடலாம். இரண்டு வாரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போய்விடலாம். ஓட்டம், ஆட்டமெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வாரம். மைக்ரோஃபிராக்சர் செய்திருந்தால் கதை வேறு. நான்கு முதல் ஆறு வாரம் அந்தக் காலில் முழு எடை போடாமல் இருக்கச் சொல்வது வழக்கம். ஆனால் மூட்டை அசைக்கத்தான் வேண்டும், அந்த அசைவில்தான் புதிய திசு உருவாகும். விளையாட்டுக்கு நான்கு மாதத்துக்கு முன் பேச்சே இல்லை, ஆறு மாதமும் ஆகலாம். லிகமென்ட் தைத்திருந்தால் ஏறக்குறைய ஆறு வாரம் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் மருத்துவ பூட்ஸோ பிரேஸோ போட்டிருக்க வேண்டும். முதல் ஆறு வாரத்தில் பாதத்தை உட்பக்கம் திருப்பவே கூடாது. மூட்டை ஒட்டவைத்திருந்தால் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருப்பது தெரிந்த பிறகுதான் முழு எடை. அதற்குப் பத்து, பன்னிரண்டு வாரம் ஆகலாம்.

இரண்டாவது வாரத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். வலி குறைந்துவிடும், தையல் பிரித்துவிடுவார்கள், வீட்டில் ஒரு விசேஷம் வரும், நாள் முழுக்க நிற்பார்கள். மறுநாள் கால் வீங்கி நிற்கும். வீக்கம் இருக்கும்வரை கெண்டைத் தசை சரியாக வேலை செய்யாது. முதல் இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிடக் காலை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் படுத்திருக்கும் நேரம் அதிகமாக இருக்கட்டும். தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழே வையுங்கள், குதிகால் அந்தரத்தில் இருக்கட்டும்.

குளிக்கலாமா? தையல் எப்போது பிரிப்பார்கள்?

10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை காலை பிளாஸ்டிக் பையால் மூடி, ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். குளம், கிணறு, கடல் எல்லாம் துளை முழுதாக ஆறிய பிறகு.

எதைப் பார்த்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

கெண்டைக்கால் இறுகி வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி. துளையிலிருந்து சீழ், குளிர்க் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் சிவப்பு. மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலியோடு விரல்கள் நீலம் பாய்வதோ மரத்துப்போவதோ. இவற்றுக்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை இருக்கிறது. சிகரெட்டும் உண்டு. செய்யலாமா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். துளை சிறியது என்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் பெரிய லாபம். ஆனால் பாதத்தில் உணர்வே குறைந்துவிட்ட சர்க்கரை நோயாளியின் கணுக்கால் வீங்கிச் சூடாக இருந்தால், அது சார்கோ எனப்படும் வேறு நோயாக இருக்கலாம். அதற்கு ஆர்த்ராஸ்கோப்பி மருந்தல்ல.

சிகரெட்டைப் பொறுத்தவரை நான் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். குறிப்பாக மூட்டை ஒட்டவைக்கப் போகிறார்கள் என்றால். புகைக்கிறவர்களுக்கு எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு கணிசமாக அதிகம். கூடவில்லை என்றால் இன்னொரு அறுவை சிகிச்சை, இன்னும் பல மாதம்.

பைக், கார் எப்போது ஓட்டலாம்?

எந்தக் கால் என்பதைப் பொறுத்தது. வலது கால் என்றால் காரில் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும், பைக்கில் பின்பிரேக்கும் அதில்தான். இடது கால் என்றால் பைக்கில் கியர், காரில் கிளட்ச். ஸ்கூட்டரில் இரண்டும் இல்லையே என்பார்கள். சிக்னலில் வண்டி சாயும்போது ஊன்றுவது எந்தக் கால்? பூட்ஸும் ஊன்றுகோலும் போய், நின்ற வண்டியில் பிரேக்கை முழுப் பலத்தோடு திடீரென்று மிதித்தால் வலிக்காத நாள் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

காப்பீடு கிடைக்குமா?

பலருக்கு இது அன்றே வீட்டுக்கு அனுப்பும் அல்லது ஓரிரவு தங்கும் சிகிச்சை. உங்கள் பாலிசியில் ஒருநாள் சிகிச்சைகள் அடங்குமா என்று பாருங்கள். முன்அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லிகமென்ட் தைக்கும்போது எலும்பில் பொருத்தும் ஆங்கர், மூட்டுக்குள் சுரண்டும் கருவியான ஷேவரின் முனை போன்றவற்றின் விலை பில்லில் தனியாக வரும், அது சேருமா என்றும் கேளுங்கள். அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் அறுவை சிகிச்சையின் பெயரைக் காட்டிக் கேட்பதே சரி.

சர்ஜனிடம் என்ன கேட்க வேண்டும்?

வலி எதனால் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். "உள்ளே விட்டுப் பார்த்தால் தெரியும்" என்பது மட்டும் பதிலாக இருந்தால் திருப்தி அடையாதீர்கள், இன்று ஸ்கேன் வசதி இருக்கும்போது காரணம் தெரியாமல் உள்ளே போவதால் பலன் கிடைப்பது அரிது. கணுக்காலுக்கு இதை அவர் அடிக்கடி செய்கிறாரா என்றும் கேளுங்கள். முழங்காலில் ஆயிரம் செய்தவரும் கணுக்காலில் புதியவராக இருக்கலாம். நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

நாங்கள் வெளியூர். பிசியோவுக்கு வாரா வாரம் வர முடியாது. என்ன செய்வது?

இது என் மனதுக்கு நெருக்கமான கேள்வி, ஏனென்றால் பாதிப் பேர் நிலை இதுதான். முதல் முறை வரும்போது வீட்டில் இருக்கும் ஒருவரைக் கூட்டி வாருங்கள், பயிற்சியை அவருக்கும் சொல்லித்தருவோம். போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் முழு எடைக்கு அனுமதித்த பிறகு வீட்டிலேயே இரண்டு விஷயங்களை அளக்கலாம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். தொட முடிகிற அதிகபட்சத் தூரத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. வாரத்துக்கு ஒரு முறை போதும். இரண்டாவது, சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலை முழு உயரத்துக்கு எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ணுங்கள். மூட்டை ஒட்டவைத்தவர்களுக்கு இந்த இரண்டும் பொருந்தாது.

இரண்டு கால்களின் கணக்கும் நெருங்கி வந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். மூன்று வாரமாக எண் நகரவே இல்லை, அல்லது முன்பு இருந்ததைவிடக் குறைகிறது என்றால் பயிற்சியை இரட்டிப்பாக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். வீக்கமோ விறைப்போ எங்கோ தடுக்கிறது என்று அதற்குப் பொருள், காலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தேதியோடு அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வந்தால், பத்து நிமிடத்தில் அடுத்த ஒரு மாதத்துக்கான பயிற்சியை எழுதித் தந்துவிடுவேன்.